உறக்கம் எங்கே வைத்து வரும்?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் எங்கள் மருத்துவமனை மருந்தகத்துக்கு ஒரு புது அச்சு இயந்திரம் வந்தது. மாத்திரையின் பெயரைக் கணினியில் தட்டினால் போதும், உறையில் ஒட்ட வேண்டிய சீட்டு தானாக எட்டிப் பார்க்கும். எப்போது சாப்பிடுவது, எதோடு சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அழகாக அச்சாகியிருக்கும். அரிப்புக்கும் ஜலதோஷத்துக்கும் கொடுக்கிற பழைய மாத்திரைகள் என்றால் அடியில் ஒரு வரி கூடுதலாக வரும். தூக்கம் வரலாம், வாகனம் ஓட்ட வேண்டாம். என்னோடு வேலை பார்த்த அஞ்சு என்ற பெண் அதைக் கிழித்தெடுத்து என் கையில் கொடுத்து, "இனி மேடத்தோட அந்தக் கேள்வி வேண்டாமல்லோ?" என்று சிரித்தாள்.

அந்தக் கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி அல்ல. "என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்பேன், அவ்வளவுதான். தூக்கம் தருகிற மாத்திரை எதையும் அதைக் கேட்காமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. மருந்து வாங்க வந்தவர்களில் சிலர் நான் கல்யாணத் தரகு பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். வருமான வரிக்காரர்களுக்கு உளவு சொல்கிறேனோ என்று சந்தேகப்பட்டவரும் உண்டு. அஞ்சு கேட்டதற்கு அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரியான பதிலைச் சொல்லக் கொஞ்சம் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் மலையாள தேசத்துத் தலைநகருக்குப் பிழைக்க வந்த நாஞ்சில் நாட்டுக்காரர்கள். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதினார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பரீட்சையில் ஆங்கிலம் என்று வளர்ந்தேன். மருந்தாளுநர் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மனப்பாடம் செய்தேன், தேறினேன்.

ஹிஸ்டமின் பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அது நம் உடம்பே சுரக்கிற பொருள். தோலில் தடிப்பும் அரிப்பும், மூக்கில் ஒழுகலும் உண்டாக்குவது அதுதான். அதே ஹிஸ்டமின் மூளைக்குள் நம்மை விழித்திருக்க வைக்கிற வேலையையும் பார்க்கிறது. அதைத் தடுக்கிற பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் தாராளமாக நுழைந்து அங்கேயும் தடுத்துவிடும், அதனால்தான் தூக்கம். புதிதாக வந்தவை பெரும்பாலும் மூளையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. பழைய மாத்திரைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேறொரு பொருளையும் அவை மறிக்கும். அப்போது வாய் உலரும், கண் மங்கும், மலம் கட்டும், சிறுநீர் பிரியத் தயங்கும், வயதானவர்களுக்குப் புத்தியும் குழம்பலாம். இத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு மனிதர் எதிரே வந்து நின்றால் இதெல்லாம் அவரிடம் எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அதைக் கற்றுக்கொண்டது லீலாம்மா மேடத்திடம். எங்கள் மருந்தகத்துக்கு அவர்தான் தலைமை. கோட்டயம் பக்கத்துக்காரர், குள்ளம், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். மருந்து உறையைக் கவுண்டரில் வைப்பார், அதன்மேல் தன் உள்ளங்கையை வைப்பார். வாங்க வந்தவர் உறையின் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்பார். மேடம் கேட்டதற்குப் பதில் வராமல் அந்தக் கை எழும்பாது. பின்னால் வரிசை முணுமுணுக்கும். ஒருநாள் ஒரு போலீஸ்காரர்கூட இழுத்துப் பார்த்துத் தோற்றார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருவருக்குக் குளோர்பெனிரமின் மாத்திரையைக் கொடுத்து, பாடப்புத்தகத்தில் இருந்தபடி "தூக்கம் வரும்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். மேடத்தின் கை குறுக்கே வந்து உறையின்மேல் உட்கார்ந்தது. அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"செண்பகம், உறக்கம் வரும்னு பறஞ்சா போரா. எங்க வெச்சு வரும்னு கேக்கணும்."

வரும் என்று சொன்னால் மட்டும் போதாது, எங்கே வைத்து வரும் என்று கேள் என்கிறார். கேட்டால், வந்தவர் தென்னை ஏறுகிறவர். நான் சொன்ன 'தூக்கம் வரும்' என்பதை அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மேடம் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசி, அதிகம் தூக்கம் தராத வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். அவருடைய முறை இதுதான். முதலில் தொழில், பிறகு எந்த நேரத்தில் அந்தத் தொழில், பிறகு வேறு என்ன மருந்து, கடைசியில் குடிப்பழக்கம். குடியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும் என்பதால் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதைக் கேட்கும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார். முந்தின நாள் போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கும், ஆளுக்கே தெரியாது என்பதையும் சொல்ல மறக்க மாட்டார். விழிஞ்ஞத்திலிருந்து ஒரு அம்மா கணவரின் தடிப்புக்கு மருந்து வாங்க வந்தால், அவர் எப்போது கடலுக்குப் போகிறார், எப்போது கரைக்கு வருகிறார் என்று கேட்ட பிறகுதான் உறை நகரும்.

ஒரு தடவை ஒரு இளம் தாய், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். திருநெல்வேலிக்கு ரயிலில் போகிறார்களாம், குழந்தை வழியெல்லாம் அழும், பக்கத்து வீட்டில் புரோமெதசின் சிரப் கொடுத்தால் தூங்கும் என்று சொன்னார்களாம். மேடம் இல்லை என்று சொல்லவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மூச்சையே மந்தமாக்கிவிடலாம் என்பதை நிதானமாக விளக்கினார். அந்தப் பெண் அப்போதும் தயங்கி நின்றாள், ரயிலில் மற்றவர்கள் திட்டுவார்களே என்றாள்.

"கரயட்டே மோளே. அழுற குழந்தை சுவாசம் எடுக்குது, அதல்லே நமக்கு வேண்டியது?"

அழட்டும் மகளே என்றதும் அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்த வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன், என் சொந்தச் சரக்கு போல.

மேடம் இன்னொரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். வயதானவர்கள் வார்டில் சேர்ந்தால் மருந்தாளுநர் ஒருவர் போய் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் கேட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, ஸ்டீல் தட்டில் கொட்டி, காலை மதியம் இரவு என்று பிரித்து வைப்போம். மேடம் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. சேஷு சாமி என் தட்டுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஸ்ரீவராகம் பக்கம் சேஷு சாமியின் சமையலைச் சாப்பிடாதவர்கள் குறைவு. கல்யாணம், உபநயனம், சஷ்டியப்தபூர்த்தி எதுவானாலும் அவருடைய குழுதான். வயதான பிறகு குழுவின் பொறுப்பைத் தன் மருமான் மணியிடம், அதாவது தங்கை மகனிடம், விட்டுவிட்டார். ஆனாலும் விசேஷ வீட்டில் முதல் அடுப்பைக் கற்பூரம் காட்டிப் பற்ற வைப்பது சேஷு சாமிதான். அது அந்தக் குழுவில் எழுதாத சட்டம்.

அந்த சாமியை ஒருநாள் காலையில் மணி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தான். சிறுநீர் அடைத்துவிட்டது. அடிவயிறு கல்லாக இருந்தது, ஆள் வியர்த்து நடுங்கினார். குழாய் போட்டு எடுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். அறுவைச் சிகிச்சை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ஆனால் திடீரென்று இப்படி முழுதாக அடைக்கிற அளவுக்குத் தெரியவில்லையே என்று யோசித்தார். குழாயை எடுத்த பிறகு தானாகப் பிரியாவிட்டால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டு வரச் சொன்னார்.

வார்டு வாசலில் மணி என்னைத் தனியாக நிறுத்தினான். அவன் முகம் சரியில்லை. மாமா சில மாதங்களாக ரகசியமாகக் குடிக்கிறார் என்றான். நடை தடுமாறுகிறது. அடுப்பருகில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து போகிறார், ஒரு தடவை வேட்டி நுனியில் தீப்பிடித்து யாரோ மிதித்து அணைத்தார்கள். அடிக்கடி கொல்லைப்பக்கம் போகிறார், போனால் வெகுநேரம் வருவதில்லை. எப்போதும் வாயில் ஏலக்காயோ கிராம்போ மெல்லுகிறார், வாடையை மறைக்க. கண் சிவந்திருக்கிறது, கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். அக்ரஹாரத்தில் சமைக்கிற ஒருவரைப் பற்றி இந்தப் பேச்சு கிளம்பினால் அப்புறம் எந்த வீட்டிலும் ஏற்ற மாட்டார்கள். பேச்சு கிளம்பியும் விட்டது. அடுத்து வரப்போகிற ஒரு பெரிய கல்யாண வீட்டில், சேஷு வர வேண்டாம், மற்றவர்கள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். மணப்பெண்ணுடைய அம்மாவின் கல்யாணத்துக்கும் சமைத்தவர் அவர்.

மணி கெட்டவன் அல்ல. சொல்லும்போதே அவன் கண் கலங்கியிருந்தது. டாக்டரிடம் சொல்லி மாமாவைக் குடியிலிருந்து மீட்க முடியுமா என்றுதான் கேட்டான்.

நான் கட்டிலருகே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொண்டுவந்த பையில் திருநீற்றுச் சம்புடமும் ஒரு துண்டும் தவிர ஒன்றுமில்லை. தட்டில் கொட்ட மாத்திரையே கிடையாது. சாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மருந்தா? நான் மருந்தொண்ணும் கழிக்கறது கெடையாது மேடம். ஜலதோஷத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை, கடையில வாங்கறது. அதுவும் நாலஞ்சு நாளாத்தான்."

கழிப்பது என்றால் இந்த ஊர்ப் பேச்சில் சாப்பிடுவது. எந்த மாத்திரை என்று விசாரித்தேன். குளோர்பெனிரமின் கலந்தது. அது ஒரு துப்புதான், ஆனால் நாலைந்து நாள் ஜலதோஷ மாத்திரை சில மாதத் தடுமாற்றத்துக்குக் கணக்காகாது. லீலாம்மா மேடமாக இருந்தால் இந்த இடத்தில் கையை எடுத்திருக்க மாட்டார். எனக்கு உறையும் இல்லை, கவுண்டரும் இல்லை, கேள்வி மட்டும்தான் இருந்தது. தொழிலைக் கேட்டேன்.

"சாமி, சமையலுக்குப் போற அன்னைக்கு எந்திச்சதுலேருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

மருந்தைப் பற்றிக் கேட்டபோது சுவரைப் பார்த்தவர், சமையலைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார். குளியல், ஜபம், சாமான் சரிபார்ப்பு, தேங்காய் உடைப்பது, காய் பிரிப்பது என்று வரிசையாகச் சொன்னார். பூசணி ஒருத்தர், வாழைக்காய் ஒருத்தர். சேனைக்கிழங்கு சீவுவது அவர் பங்கு, வயதாகிவிட்டதால் உட்கார்ந்து செய்கிற வேலை. அப்புறம் போகிற போக்கில், கத்தியைத் தீட்டுவதைச் சொல்வது போலச் சொன்னார்.

"சேனையைத் தொடறத்துக்கு முன்னாடி சேனை மாத்திரை ஒண்ணு போட்டுக்குவோம். இல்லேன்னா கை அரிச்சுப் பிடுங்கிடும், கேட்டேளா."

சேனை மாத்திரை என்று உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. மணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சாதாரணமாக, ஆமாம், கத்தி வைக்கிற பெட்டியிலேயே ஒரு அட்டை கிடக்கும், கிழங்கு சீவுகிறவர்களுக்கெல்லாம் தானே எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னான். முன்பு ஒரு தடவை அவனுக்கு உடம்பெல்லாம் தடித்தபோது ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்ததாம். அதைப் போட்டுக்கொண்ட அன்று சேனை சீவினான், அரிக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அது குழுவின் வழக்கமாகிவிட்டது. அதை யாரும் மருந்தாக நினைக்கவில்லை, கரண்டி கத்தி போல அதுவும் ஒரு தளவாடம். பெட்டியை எடுத்துவரச் சொன்னேன். சாமானோடு வெளியே நின்ற அவர்கள் ஆட்டோவிலேயே இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஹைட்ராக்ஸிசின்.

நான் பரீட்சைக்கு ஒப்பித்த அத்தனையும் அந்தக் கட்டிலில் படுத்திருந்தது. வாய் உலர்ந்ததால் ஏலக்காய் மென்றார். கண் உலர்ந்ததால் சிவந்தது. சிறுநீர் பிரியாமல் நின்றதால் கொல்லைப்பக்கம் போய் வர நேரமானது. கண்ணயர்ந்ததும் தடுமாறியதும் சம்பந்தமில்லாமல் பேசியதும் மாத்திரையின் வேலை. வாலிபன் ஒருவனுக்குச் சீக்கிரம் வெளியேறிவிடுகிற மருந்து வயதான உடம்பில் வெகுநேரம் தங்கும். ஆவணி, தை என்று முகூர்த்தங்கள் நெருக்கமாக வருகிற மாதங்களில் அவர் தினமும் சேனை சீவியிருக்கிறார், பழையது போகுமுன் புதியது சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஜலதோஷ மாத்திரையும் போய் உட்கார்ந்தது, அதுவும் அதே ஜாதி. ஏற்கெனவே குறுகியிருந்த வழி முழுசாக அடைத்துவிட்டது.

இதில் பெரிய வேடிக்கை, சேனை அரிப்புக்கும் இந்த மாத்திரைக்கும் பெரிய சம்பந்தமே இல்லை. கிழங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் இருக்கின்றன. அவை தோலில் குத்துவதால்தான் முக்கியமாக அந்த அரிப்பு. குத்துகிற ஊசியை மாத்திரை என்ன செய்யும்? அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு அரிப்பு உறைக்கவில்லை, அவ்வளவுதான். கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டோ கையுறை மாட்டிக்கொண்டோ சீவினால் தீர்ந்தது.

மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்தே வந்துவிட்டார். இந்த மாத்திரை இதயத் துடிப்பின் தாளத்தையும் சிலருக்குக் கெடுக்கும் என்பதால் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார், நல்லவேளை அது சரியாக இருந்தது. இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார். புராஸ்டேட்டுக்கு மருந்து தொடங்கினார். மாத்திரையின் மந்தம் முழுக்க வடிந்த பிறகு குழாயை எடுத்துப் பார்ப்போம், ஆனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர்.

மணியிடம் நான்தான் விளக்க வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அவன் கத்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நானே கைல எடுத்துக் குடுத்தேன் மேடம். நானே, மாமா குடிக்கறார்னும் சொன்னேன்."

நீங்களே போய் அவரிடம் சொல்லுங்கள் என்றேன். அவன் கட்டிலருகே போய்ச் சாமியின் காலைப் பிடித்துக்கொண்டான். மாமா, நீங்க குடிக்கலை, நான்தான் தப்பா நினைச்சுட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சாமி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்போ நான் குடிக்கலையா? எல்லாரும் சொல்றச்சே நேக்கே சந்தேகம் வந்துடுத்துடா. எங்கேயோ போய்க் குடிச்சுட்டு மறந்து போறேனோன்னு."

நான் வார்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் நின்று அழுதேன் என்றே சொல்லலாம். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர், தன் நாக்கை நம்பாமல், தன் நினைவை நம்பாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறார்.

சில நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். அன்று காலை எனக்கு மருந்தகத்தில் வேலை ஓடவில்லை, ஏதோ ஒரு சாக்கில் வார்டுக்குப் போய்ப் போய் வந்தேன். மணி பெஞ்சில் கண்ணை மூடி ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்தில் கழிவறைக் கதவு திறந்தது. சாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, பரீட்சையில் தேறிய பையன் போலத் தலையை ஆட்டினார். அறுவைச் சிகிச்சைப் பேச்சு அத்தோடு நின்றது.

மணி அன்று மாலையே அந்தக் கல்யாண வீட்டுக்குப் போனானாம். வாசலில் நின்று, தவறு என் பேரில் என்று சொல்லி, மாத்திரை அட்டையையே எடுத்துக் காட்டியிருக்கிறான். அந்தக் கல்யாணத்தில் சாமிதான் அடுப்புப் பற்ற வைத்தார். கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு தூக்குவாளி நிறைய அடைப்பிரதமன் பாயசம் மருந்தகத்துக்கு வந்தது. அதை நான் அப்படியே பஸ்ஸில் கொண்டுபோய் லீலாம்மா மேடத்தின் வீட்டில் வைத்துக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் கரண்டியை நக்கிக்கொண்டே கேட்டார். வாளியை அலம்பித் திருப்பிக் கொடுக்கும்போது என் கையை ஒரு நிமிஷம் பிடித்து வைத்திருந்தார். இன்று அவர் இல்லை. என் ஆயுளில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அந்தக் கைப்பிடிதான்.

அஞ்சு, சீட்டில் அச்சாகி வருவதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் சீட்டு, உறையைப் படிக்கிறவருக்கு மட்டும்தான் சொல்லும். சேஷு சாமி தின்றது உறையில் வந்த மருந்து இல்லை, கத்திப் பெட்டியில் கிடந்த தளவாடம். அதை எந்தக் கணினி கேட்டிருக்கும்?

என் பிரிவு உபசாரத்துக்கு மருத்துவமனையில் எல்லோரும் சேர்ந்து இலைச் சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள். மணியின் குழுதான். அடுப்பைப் பற்ற வைக்க சாமியையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தான். சமையல் வேலையை எப்போதோ விட்டுவிட்டார், முதுகு நன்றாக வளைந்திருந்தது. எரிசேரிக் கூட்டில் சேனை மணக்க மணக்க இருந்தது, சீவியவர்களின் கைகளில் எண்ணெய் பளபளத்தது. பாயசம் வரும் வரை சாமி பந்திப் பக்கம் வரவே இல்லை. பாயச வாளி என் இலைக்கு வந்தபோது அவரே கரண்டியைப் பிடித்திருந்தார். கரண்டி நிறைய எடுத்தார், ஆனால் ஊற்றவில்லை. மற்றக் கையின் உள்ளங்கையை என் இலைக்கு மேலே குடை போலப் பிடித்துக்கொண்டார். மாதாமாதம் மருந்து வாங்க வரும்போது என் கை உறைமேல் உட்கார்வதைப் பார்த்தவர்தானே.

"இதைச் சாப்ட்டா உறக்கம் வரும் மேடம். சாப்ட்டப்புறம் என்ன ஜோலி ஒங்களுக்கு?"

பந்தி முழுக்கச் சிரித்தது. யோசித்துப் பார்த்தேன், படிப்பு முடிந்ததிலிருந்து அன்று வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் மருந்தகம் என்ற பதில் எப்போதும் இருந்தது.

"ஒரு ஜோலியும் இல்ல சாமி," என்றேன். அவர் கையை எடுத்தார்.